பாடாத பாட்டு மிஸ்

அவர் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடி நான் கேட்டதே இல்லை. எங்கள் லேஅவுட்டில் அவரிடம் பாட்டுக் கற்றவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களும் கேட்டதில்லை என்றுதான் சொன்னார்கள். ஒரு சுரம், அதற்கு அடுத்தது, மிஞ்சிப்போனால் ஒரு அடி. அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கமாட்டார். பாட்டுச் சொல்லிக்கொடுக்க வருகிறவர் பாடவே மாட்டேன் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம். பெயரைக் கேட்டால், "மிஸ்னே கூப்பிடுங்க, போதும்" என்பார். எந்த ஊர் என்று கேட்டால், "இங்கதான், பக்கத்துலதான்" என்று கையை ஒரு பக்கமாக வீசுவார். அந்தக் கை ஒரு நாள் கர்நாடகா பக்கம் போகும், இன்னொரு நாள் கிருஷ்ணகிரி பக்கம் போகும். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு, பழைய ஸ்கூட்டி, அதன் கொக்கியில் தொங்கும் துணிப்பை, பைக்குள் ஒரு சுருதிப்பெட்டி. அவரைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார். "ஒங்களுக்கு எதுக்குப் பாட்டு?"

சும்மா ஆசைக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உண்மையான பதில் வரும்வரை குடைந்துகொண்டே இருப்பார். யார் வீட்டில் யாருக்கு என்ன குறை என்பதெல்லாம் அந்தக் குடைச்சலில் வெளியே வந்துவிடும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு இந்த அம்மா என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்.

நான் வேலை பார்த்த கம்பெனியில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். அவர் ஆண்டுவிழாவில் மேடையேறிப் பாடவேண்டும் என்று மிஸ்ஸிடம் சேர்ந்தார். மிஸ் குடைந்ததில், மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி ஷிஃப்ட் முடிவதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்வதும், வீட்டுக்குப் போனால் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் போவதும் வெளியே வந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து எப்படிக் குரல் கொடுப்பது என்கிற பயிற்சிதான். ஆண்டுவிழா வந்தது, போனது. "பாட்டு எங்க சார்?" என்று நாங்கள் கிண்டல் செய்தோம். "அத கடைசி வரைக்கும் சொல்லியே குடுக்கலம்மா" என்று கணீரென்று சிரித்தார்.

பின்தெருப் பெண்ணின் கதை இன்னும் மோசம். அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள் என்று பயந்து மிஸ்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள். மிஸ் அவளுக்கு ஒரு பாட்டின் முதல் இரண்டு வரியை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கற்றுக்கொடுத்தார். "ரெண்டாவது வரி முடிஞ்சதும் வெக்கப்பட்டு நிறுத்திடு. அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான்" என்றாராம். அவள் அப்படியே செய்தாள், சம்பந்தம் முடிந்தது. பாடத் தெரியாத பெண்ணைப் பாடத் தெரிந்தவள் என்று நம்பவைப்பதற்குப் பெயர் இசைப் பயிற்சியா என்று நான் என் கணவரிடம் கேட்டேன். அவர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்திருந்தார். "அவங்களுக்குத் தேவப்பட்டது கெடச்சுதுல்ல?" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

இப்படிப்பட்டவரை நானே என் வீட்டுக்குக் கூப்பிடும்படி ஆனது என் அப்பாவால்.

அப்பா லேத் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சானமாவுக் காட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் பூர்வீக நிலம் உண்டு. ஓய்வுக்குப் பிறகு அதில் கேழ்வரகும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்தார். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சத்தமாகப் பேசுகிற மனிதர். சந்தையில் அவர் விலை பேசினால் நாலு கடை தள்ளிக் கேட்கும். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "ஆமா."

டீ வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றால் அதற்கும் ஆமா. வலிக்கிறதா, ஆமா. வலிக்கவில்லையா, ஆமா. பேச்சுப் பயிற்சிக்குப் பெங்களூருக்கு வாரம் இரண்டு முறை கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். சக்கர நாற்காலியோடு அந்த ட்ராஃபிக்கில் போய்வருவது எங்களால் ஆகவில்லை. சூப்பர்வைசர்தான், "அந்த மிஸ்ஸக் கேட்டுப் பாருங்கம்மா. எப்படியாச்சும் வாயத் தொறக்க வெச்சிருவாங்க" என்றார்.

மிஸ் வந்த அன்று, ஞாயிறுதோறும் பெங்களூரிலிருந்து வருகிற என் அண்ணனும் வந்திருந்தான். மிஸ் கேள்வியை அப்பாவிடமே கேட்டார். "அய்யா, ஒங்களுக்கு எதுக்குப் பாட்டு?"

"ஆமா" என்றார் அப்பா.

மிஸ் நாற்காலியை இழுத்து அப்பாவின் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். "அய்யா, நான் நல்லவளா?"

"ஆமா."

"நான் திருடியா?"

"ஆமா."

அண்ணன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. மிஸ் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்களுக்குச் சிரிப்பா இருக்குது. அவரு மூஞ்சியப் பாருங்க" என்றார். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சொல்ல வந்தது வேறு, வாயில் விழுந்தது வேறு என்கிற ஆத்திரம் கண்ணில் தெரிந்தது. அது எங்களுக்கு ஏற்கெனவே தெரியாதா என்றால், தெரியும். ஆனால் ஒரு வெளியாள் வந்து காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

"பேச்சு போனவங்க சிலருக்குப் பாட்டா இழுத்தா வார்த்தை வரும். எல்லாருக்கும் வராது. பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அப்பாவின் இடது கையைத் தூக்கி அவர் தொடைமேல் வைத்தார். ஒரு தட்டு, "தண்." இன்னொரு தட்டு, "ணி." ஒன்று கீழே, ஒன்று மேலே. மொத்தமே இரண்டு சுரம். அன்றைக்கு முழுவதும் அதேதான், அடுத்தடுத்த வாரங்களிலும் அதேதான். சுருதிப்பெட்டியை ஏன் சுமந்துகொண்டு வருகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு காலையில் நான் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து "தண்ணி" என்று ஒரு குரல், கோயில் மணி இரண்டு தரம் அடித்த மாதிரி. அப்பா! நான் செம்போடு ஓடினேன். குடித்தார். உடனே மறுபடியும் தொடையைத் தட்டி "தண்ணி" என்றார். அதையும் குடித்தார். தாகத்துக்குக் குடிக்கவில்லை, கேட்டது கிடைக்கிறது என்பதற்காகவே குடித்தார். அன்று கம்பெனிக்குத் தாமதமாகப் போனேன்.

சந்தோஷம்தான். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. அந்த வாரமே ஒன்று நடந்தது.

எங்கள் வீடு கத்தோலிக்க வீடு. மிஸ் வெறும் நெற்றியோடு வருவார். மாதா படத்துக்கு முன்னால் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார். நம் ஆள் என்றே நினைத்திருந்தேன். ஒரு மாலை பாகலூர் ரோட்டுப் பக்கம் போனபோது ஒரு கன்னடக்காரர் வீட்டு வாசலில் அவரைப் பார்த்தேன். நெற்றி நிறையக் குங்குமம், தலையில் கனகாம்பரம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி கன்னடத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தடுமாறவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

அடுத்த வகுப்புக்கு அதே வெறும் நெற்றி. அவர் கை கழுவப் போன நேரத்தில் துணிப்பையை விரித்துப் பார்த்தேன். சுருதிப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குங்குமச் சிமிழ், ஒரு ஜெபமாலை, கசங்கிய பூச்சரம். மூன்றும் ஒரே பையில் கிடந்தன. 

அவர் திரும்பி வந்ததும் கேட்டுவிட்டேன். "நீங்க யாரு மிஸ்? எது நெஜம்?"

பை நகர்ந்திருந்ததை அவர் பார்த்தார். கோபப்படவில்லை. "அந்த வீட்டு அம்மாவுக்கு வெறும் நெத்தியப் பாத்தா வாயே தொறக்காது. பாட்டு எப்படி வரும்? படிக்கறவங்களுக்குத் தக்க மாதிரி பாடம் இருக்கணும்னா நானும் அப்படித்தாம்மா இருக்கணும். ஒங்க அப்பாவுக்கு என் நெத்தியப் பத்திக் கவலையே இல்ல. ஒங்களுக்குத்தான் இருக்குது."

பதில் சரியாகத்தான் இருந்தது. இப்படி எல்லாவற்றுக்கும் சரியான பதில் வைத்திருக்கிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

அந்தச் சமயத்தில் நிலத்துக்கு ஆள் வந்திருந்தது. அந்தப் பக்கமெல்லாம் குடோன்கள் வந்துகொண்டிருந்தன. அண்ணன் விற்றுவிடலாம் என்றான். "அப்பாவால இனி பாக்க முடியாது. நீயும் நானும் போயி யானைய வெரட்டப் போறமா?" என்றான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அப்பாவிடம் என் கண்ணெதிரிலேயே கேட்டான். "நெலத்தக் குடுத்துடலாமாப்பா?"

"ஆமா."

"மனசாரச் சொல்றீங்களா?"

"ஆமா."

"பாரு, தலையும் ஆட்டறாரு" என்றான் என்னிடம். ஆட்டினார்தான். அப்பாவுக்கு அந்தச் சொல் வரும்போதெல்லாம் தலையும் சேர்ந்தே ஆடும். அதை நான் அண்ணனிடம் சொன்னேன். "அப்புறம் வேற எப்படித்தான் கேக்கறது, சொல்லு" என்றான். 

மிஸ் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தது அப்போதிருந்துதான். அதுவரை "வலிக்குது", "வெளிய போலாம்" என்று ஒவ்வொன்றும் ஹால்வரை கேட்கும். இப்போது கதவில் காதை வைத்தாலும் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டும் சத்தம் மட்டும்தான். ஒரு நாள் டீ கொண்டுபோகிற சாக்கில் சட்டென்று திறந்தேன். இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். அப்பா இடது கையை மடியில் கிடந்த துண்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். என் அப்பா என்னிடமிருந்து கையை ஒளித்தார்!

"என்ன பாடம் மிஸ் நடக்குது?"

"இன்னும் முடியலம்மா. முடிஞ்சதும் அவரே பாடுவாரு."

"நான் அவரு பொண்ணு."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

அண்ணனிடம் சொன்னதும் அவன் விசாரித்துக்கொண்டு வந்தான். எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலக்காரர் வீட்டுக்கும் மிஸ் போய்வருகிறார். அந்த ஆள் பல வருடமாக எங்கள் நிலத்தைக் குறைந்த விலைக்குக் கேட்டுக்கொண்டிருப்பவர். "புரிஞ்சுதா? அங்கயும் பாட்டு, இங்கயும் பாட்டு. அப்பா காதுல என்னமோ ஓதிகினு இருக்கறா. ரிஜிஸ்ட்ரேஷன் முடியட்டும், அவள நிறுத்திடு" என்றான். அவன் சொன்னதில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

பத்திரப்பதிவு அன்று வண்டி வைத்து அப்பாவைக் கூட்டிப்போனோம். வாங்குகிறவர்கள் முன்பே வந்து காத்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் அண்ணன் சக்கர நாற்காலியை மேஜைக்கு முன்னால் தள்ளி நிறுத்தினான். அதிகாரி சின்ன வயதுப் பெண். காகிதங்களைப் புரட்டிவிட்டு அப்பாவை நேராகப் பார்த்துக் கேட்டார். "அய்யா, இது நீங்களா விருப்பப்பட்டு எழுதிக் குடுக்கறதுதானே?"

"ஆமா."

"யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா?"

"ஆமா."

அதிகாரி பேனாவை வைத்தார். அண்ணன் முன்னால் குனிந்தான். "மேடம், அவருக்கு வாதம் வந்ததுல இருந்து எதக் கேட்டாலும் அதான் வரும்..."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் இடது கை மேலே வந்தது. நாற்காலியின் கைப்பிடியைத் தட்டியது. ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எழுத்து, இரண்டே சுரத்தில் ஏறி இறங்கி வந்தது.

"கை... யெ... ழுத்... து... போ... ட... மாட்... டேன்."

அந்த அறையே திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா அதைக் கவனிக்கவில்லை. மறுபடியும் தட்டினார், இன்னும் சத்தமாக. "கையெழுத்து போடமாட்டேன்." சந்தையில் விலை பேசுகிற அந்தப் பழைய குரல். சிரித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அதிகாரி காகிதங்களை அண்ணன் பக்கம் தள்ளினார். "இன்னிக்கு இது ஆகாதுங்க" என்றார்.

வண்டியில் அப்பா என் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி தூங்கினார். அண்ணன் எங்களை இறக்கிவிட்டுப் போகும்போது, "அவ போட்ட ரெக்கார்டு ஓடுது. அவ்ளோதான். அதுல அப்பா எங்க இருக்கறாரு?" என்றான். அதன் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டான்.

மறுநாள் மாலை மிஸ் வீட்டைத் தேடிப்போனேன். ஒரு வரிசை வீட்டில் கடைசிப் போர்ஷன். ஒரு பாய், ஒரு நாற்காலி, மூலையில் ஒரு ஸ்டவ். சுவரில் எந்தச் சாமியும் இல்லை. வீணையோ வயலினோ கண்ணில் படவில்லை. நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் பாயில் உட்கார்ந்தார்.

"அந்த வரி யாரோடது மிஸ்?"

"அய்யாவோடது."

"அவருக்குப் பேச்சே இல்ல. எப்படிச் சொன்னாரு?"

"நான் ஒண்ணொண்ணா பாடிக் காமிச்சேன். எது வேணும்னு கேட்டு. சாப்பாடு, தோட்டம், மகன், கோயில், எல்லாம். எதுக்கும் அசையல. கையெழுத்துன்னு பாடினப்ப என் கையப் புடிச்சுகினாரு. 'போடறேன்'னு முடிச்சேன், ஒதறிட்டாரு. 'மாட்டேன்'னு முடிச்சேன், விடவே இல்ல."

"கையெழுத்துன்னு பாடணும்னு ஒங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

 "ஹால்ல நீங்களும் ஒங்க அண்ணனும் பேசறது உள்ள நல்லா கேக்கும்மா. எனக்கு மட்டுமா கேக்கும்?"

 அப்பாவை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு, அவர் இல்லாதது மாதிரி எத்தனை தடவை பேசியிருப்போம். ஆனாலும் வந்த விஷயத்தை விடவில்லை. "பக்கத்து நெலத்துக்காரர் வீட்டுக்கும் போறீங்களாமே?"

"போறேன். அங்க ஒரு பொண்ணுக்குத் திக்குவாய்."

"அவங்க எங்க நெலத்தப் பத்தி ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலயா?"

"அந்தப் பொண்ணு தன் பேரச் சொல்லவே பாதி க்ளாஸ் ஆவுது. நெலத்தப் பத்தி எங்க பேசறது?"

இதுவும் சரியான பதில்தான். நம்பவும் முடியவில்லை, பொய் என்று சொல்லவும் முடியவில்லை. எழுந்து வாசலுக்கு வந்த பிறகு கடைசியாகக் கேட்டேன். "நீங்க ஏன் மிஸ் பாடவே மாட்டேங்கறீங்க?"

"நீங்க பாட்டு கேக்கவா வந்தீங்க?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அப்பாவுக்காக வந்தார். நானும் நிறுத்தச் சொல்லவில்லை. கதவு திறந்தே இருந்தது. பிறகு ஒரு வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். மிஸ் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாக வீட்டு ஓனர் சொன்னார், எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. சூப்பர்வைசர் ஒரு முறை கெலமங்கலம் சந்தையில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார். "நல்லா சத்தமா கூப்பிட்டேம்மா. அவங்க சொல்லிக் குடுத்த மாதிரியே வயித்துல இருந்து. திரும்பவே இல்ல." அது அவராகவே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். கையில் பழம். நேராக அப்பாவிடம் போய்த் தரையில் உட்கார்ந்தான். விற்கவேண்டாம், ரோஜா போடுகிற ஒருவர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார், பல வருடத்துக்கு எழுதிக்கொடுக்கச் சொல்கிறார் என்றான். "குடுக்கலாமாப்பா?"

"ஆமா."

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டான். கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான். "பாடிச் சொல்லுங்கப்பா."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். கை தொடைக்குப் போனது. நெடுநேரம் அங்கேயே கிடந்தது. உதடு அசைந்து அசைந்து நின்றது. நான் சமையலறை வாசலில் நின்றேன். பிறகு தட்ட ஆரம்பித்தார்.

"ஒரு... வரு... சம்... பாக்... கலாம்."

சுரம் கொஞ்சம் பிசகியிருந்தது. கடைசி எழுத்து கீழே இறங்காமல் மேலேயே நின்றது. மிஸ் இருந்திருந்தால் திருத்தியிருப்பார்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இதையும் அவ சொல்லிக் குடுத்தாளா?"

"இந்தக் குத்தகைப் பேச்சே அவங்க போனதுக்கு அப்புறம் வந்ததுடா" என்றேன்.

அண்ணன் கொண்டுவந்த பழத்தில் ஒன்றை எடுத்து மெதுவாக உரித்தான். பாதியை அப்பாவின் இடது கையில் வைக்கப்போனவன், அது பேசுகிற கை என்று நினைவுக்கு வந்தவன்போல் நிறுத்திக்கொண்டு அவர் வாயிலேயே ஊட்டினான். அவர் மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, ஒரு வருசத்துக்கே எழுதிக் குடுக்கலாம். அந்த ஓடைப்பக்கத்துக் காலு ஏக்கர மட்டும் நாமே வெச்சுக்கலாம். அதுல என்னாப்பா போடலாம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தான்.